உட்கார்ந்து கேட்டவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?

என் அப்பா யாரையும் அடித்ததில்லை. பஸ்ஸுக்குத் தீ வைத்ததில்லை. ஒரு கல்லைக் கையில் எடுத்ததில்லை. 1952-ல் கொழும்பில் பிரதம மந்திரி காரியாலயத்துக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். "எங்க ஓட்டைத் திருப்பிக் கொடுங்க" என்று கேட்டார். அதற்காக அவரையும் அவர் பெற்ற பிள்ளைகளையும் இரண்டு நாடுகள் சேர்ந்து என்ன பாடு படுத்தின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எழுபது வயது நெருங்குகிறது. இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கோத்தகிரியில் கொழுந்து பறித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். போன மாசியில் என் அக்கா செத்துப்போனாள். ஹட்டன் பக்கத்தில், நாங்கள் பிறந்த அதே தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடான அதே லயத்தில். அடக்கம் செய்து முடித்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. முன்பே வந்திருந்தாலும் நான் எப்படிப் போயிருப்பேன்? பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே, விமானத்துக்குக் காசு எங்கே? கூடப் பிறந்தவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க இத்தனை காகிதம் வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? நாங்களா எழுதினோம்?

காந்தி 1927-ல் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்து போனார். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாயி அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மைல் கணக்காக நடந்து போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாளாம். குடிக்காதே, அடிக்காதே என்று அந்த மகான் சொன்னதாக அப்பாயி சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா குடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. காந்தி பேச்சைக் கேட்டவனுக்குக் காந்தியின் நாடு என்ன செய்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இலங்கைக் கதை.

வெள்ளைக்காரன் 1820-களில் கோப்பிக்கு ஆள் பிடித்தான். மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியில் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கோப்பி செத்து தேயிலை வந்தது. எங்கள் ஆட்களுக்குத் துறையூர்ப் பக்கம். அப்பாவின் அப்பா அங்கே பிறந்து கங்காணியோடு போனவர். அப்பா பிறந்தது தோட்டத்தில், 1922-ல். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுத்தான் அவருக்குத் தன் பேரே தெரியும் என்பார். இலங்கைக்கு அந்நியச் செலாவணி என்று ஒன்று வந்தது எதனால்? எங்கள் பொம்பளைகள் அட்டைக்கடியில் நின்று பறித்த கொழுந்தினால்தான். அந்தக் காசில் ரோடு போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். எங்களுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரே அறை.

1947-ல் அப்பா ஓட்டுப் போட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். தோட்டத் தொரை முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள், அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாராம். தொரையின் ஓட்டும் ஒன்று, அவர் ஓட்டும் ஒன்று. இலங்கை இந்திய காங்கிரஸ் மலைநாட்டிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. எங்கள் ஆள் நிற்காத இடங்களில் எங்கள் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போய் அவர்களைக் கரையேற்றியது. அதுதான் கொழும்பில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. கூலிக்காரன் ஓட்டுப் போட்டு மந்திரிசபையை ஆட்டுவதா?

அடுத்த வருஷமே சட்டம் வந்தது. 1948-ம் வருஷத்து 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, டி.எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் செய்த முதல் பெரிய காரியங்களில் இது ஒன்று. சட்டம் வருவதற்கு முன்னால் இலங்கையில் பிறந்த ஒருவன் பிரஜை ஆக வேண்டுமானால், அவன் அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், அந்தத் தாத்தாவைப் பெற்ற பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். நான் கேட்கிறேன், அந்தச் சட்டத்தைக் கை தூக்கி நிறைவேற்றினவர்களில் எத்தனை பேர் தங்கள் பூட்டனின் பிறப்புச் சீட்டை எடுத்துக் காட்டியிருப்பார்கள்? அவர்களை யார் கேட்டது? லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் விழுந்த பிள்ளைக்குச் சீட்டு வாங்கி வைக்க எந்தத் தொரை லீவு கொடுத்தான்?

என் கதை இன்னும் வேடிக்கை. என் அப்பா பிறந்தது இலங்கையில், நான் பிறந்தது இலங்கையில், 1956-ல். ஆனால் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பன் பிரஜையாக இருந்தால்தான் பிரஜாவுரிமை. அப்பாவின் அப்பா துறையூரில் பிறந்ததால் அப்பா பிரஜை இல்லை. அப்பா பிரஜை இல்லாததால் நான் பிரஜை இல்லை. செத்துப்போன தாத்தா எங்கே பிறந்தார் என்பது என் கழுத்தில் விழுந்தது.

மனுப் போடலாம் என்று 1949-ல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டம். கல்யாணம் ஆனவன் 1946-க்கு முன்னால் ஏழு வருஷம் தொடர்ந்து இலங்கையில் இருந்திருக்க வேண்டும், ஆகாதவன் பத்து வருஷம். நடுவில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியில் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. என் அப்பா 1939-ல், ஊர் திரும்பியிருந்த தாத்தா துறையூரில் சாகக் கிடக்கிறார் என்று கேட்டு ஊருக்குப் போனார். அந்த ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாள் போகக் கூடாது என்று தடை போட்டது. போன பையன் அங்கேயே மாட்டிக்கொண்டார். வேலை இல்லை, காசு இல்லை, திரும்பி வர வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு மனுவைத் தள்ளினார்கள். பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போனது குற்றம். தடை போட்டது ஒரு நாடு, அதை வைத்துத் தண்டித்தது இன்னொரு நாடு. அவர் மட்டுமா? எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுப் போனதில், பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. மற்றவர்கள்? பத்து லட்சத்துக்கு அருகில் இருந்த ஒரு ஜனத்தை, ஊரைவிட்டு ஒரு அடி நகராமல், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கினார்கள்.

அதே 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. 1952 தேர்தலில் எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் இடம் இல்லை.

அப்போதுதான் சத்தியாக்கிரகம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி நாலு மாதத்துக்கு மேல் நடந்தது. தோட்டம் தோட்டமாகத் தொண்டர்கள் போனார்கள். அப்பா போகும்போது அக்கா கைப்பிள்ளை. அம்மா இரண்டு பொட்டலம் ரொட்டி கட்டிக் கொடுத்தாளாம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் அரிசி இல்லை. அம்மா அந்த நாட்களை எப்படி ஓட்டினாள் என்று யாரும் எழுதவில்லை. உட்கார்ந்தவர்களைப் பற்றியே எழுதவில்லை, அடுப்படியில் பட்டினி கிடந்தவளைப் பற்றியா எழுதப்போகிறார்கள்?

அங்கே என்ன செய்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "உக்காந்திருந்தோம்" என்பார். வெயில், மழை. பஜனை பாடினார்கள். போலீஸ் வந்து கையைக் காலைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் போட்டால், எழுந்து மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். திட்டினவனைத் திருப்பித் திட்டக் கூடாது என்று தலைவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. சட்டை கசங்காத கனவான்கள் காரில் இறங்கி, இவர்களைத் தாண்டி, உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். டட்லி சேனநாயக்கா அப்போது பிரதம மந்திரி. அவர் தகப்பனார்தான் ஓட்டைப் பறித்தவர். மகன் காதில் ஏதாவது விழுந்ததா? ஒரு கமிஷனாவது? ஒரு வாக்குறுதியாவது? பொய்யாகவாவது ஒரு வார்த்தை? மாதக்கணக்காகத் தரையில் கிடந்துவிட்டு, எதுவும் இல்லாமல் எழுந்து தோட்டத்துக்கு வந்தார்கள்.

அப்பா அதற்கும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் கோபம் வருகிறது. இப்போது எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

சிங்களத் தலைவர்களை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க எனக்கு மனம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெரிய வக்கீல் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948-ல் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். போட்டுவிட்டு அதே வருஷம் அதே அரசாங்கத்தில் மந்திரியாகப் போய் உட்கார்ந்தார். எதிர்த்தது வாய், சேர்ந்தது கால். செல்வநாயகம் அதைச் சகிக்காமல் வெளியே வந்து தமிழரசுக் கட்சி கண்டார், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா 1948-ல் எங்களுக்காகப் பாராளுமன்றத்தில் பேசினார். 1964 அக்டோபரில் எங்களை ஏலம் போட்டபோது அவர் எங்கே இருந்தார்? பிரதம மந்திரி ஸ்ரீமாவோவின் மந்திரிசபையில், நிதி மந்திரியாக. எங்கள் ஓட்டு இருந்தவரைக்கும் நாங்கள் தோழர்கள். ஓட்டுப் போன பிறகு?

அந்த 1964. அக்டோபர் 30. டில்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். நேரு இருந்தவரை, இவர்கள் இலங்கையின் ஆட்கள், இலங்கைதான் பொறுப்பு என்றே சொல்லிவந்தார். அவர் கண்ணை மூடி ஐந்து மாதத்தில் பேரம் முடிந்தது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஒரு பித்தளை அண்டாவை யார் எடுப்பது என்று தெரியாமல் திண்ணையில் போட்டுவைப்பார்களே, அந்த மாதிரி ஒன்றரை லட்சம் உயிரைத் திண்ணையில் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து 1974-ல் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோவும் ஆளுக்குப் பாதி, 75,000, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா? கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பொம்பளையிடம், "உனக்கு எந்த ஊர் வேணும் தாயி?" என்று ஒரு அதிகாரி கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது மனுக்கள் வந்தபோதே தெரிந்துபோயிற்று. இலங்கைக்கு ஒதுக்கியது மூன்று லட்சம், அங்கேயே இருக்கிறோம் என்று கேட்டவர்கள் அதற்கு மிக அதிகம். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அந்த ஐந்தேகால் லட்சத்தைக் கடைசிவரை எட்டவே இல்லை.

அப்படியானால் கொழும்பில் போய் உட்கார்ந்த என் அப்பா ஏன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்? இதை அவரிடம் நான் கேட்டது கோத்தகிரிக்கு வந்து பல வருஷம் கழித்து. "ஒரு தடவ கேட்டுப் பாத்தாச்சு பாப்பா. மறுபடியும் போயி எந்த மூஞ்சியோட கேக்குறது?" என்றார். அவ்வளவுதான். ஒரு மனுஷனை மறுபடி கேட்க முடியாத இடத்துக்குத் தள்ளிவிட்டு, அவன் தானாக விரும்பிப் போனான் என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அக்காவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. மாமா வீட்டில் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஒரு லயத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். அப்புறம் 1973, 74 பஞ்சம் வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். வேலை நாள் குறைந்தது, அரிசி, மா எல்லாம் வெட்டு. கிழங்கு தோண்டித் தின்றோம். பக்கத்து லயத்தில் கிழவர்களும் குழந்தைகளும் வீங்கிச் செத்தார்கள். கையில் பாஸ்போர்ட் வந்ததும் போய்விடலாம் என்று அப்பா முடிவு செய்தது அந்தப் பசியில்தான்.

ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நின்றது. அதை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்பார்கள். நான் அதை வர்ணிக்கப் போவதில்லை. அக்கா வயிற்றுப்பிள்ளைக்காரி. கம்பியைப் பிடித்த என் கையை அவள் விடவில்லை, வண்டி நகர்ந்த பிறகும் கூடவே ஓடி வந்தாள். யாரோ பிடித்து இழுத்தார்கள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. தலைமன்னார், ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். எங்கள் தாத்தன்மார் எந்த வழியாகப் போனார்களோ அதே வழியாக, கொண்டு போன தகரப் பெட்டிகூட இல்லாமல் திரும்பினோம்.

இப்போது காந்தியின் நாட்டுக்கு வருகிறேன். மண்டபத்தில் எங்களை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். சிலருக்கு நூல் மில், சிலருக்கு நீலகிரித் தேயிலை, சிலருக்கு வியாபாரக் கடன். தராசு பிடித்தறியாத கொழுந்துக்காரனுக்கு வியாபாரக் கடன்! பணம் வாங்கிக் கொடுக்கிறேன் என்று ஒருத்தன் வந்தான், இடம் வாங்கித் தருகிறேன் என்று இன்னொருத்தன் வந்தான். எங்களோடு வந்த மூன்று குடும்பம் ஒரே மாதத்தில் தெருவுக்கு வந்தது. கொடைக்கானல் மலைக் காடுகளில் மரம் வெட்ட அழைத்துப்போய் அடிமையாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நாங்கள் நீலகிரிக்குப் போனதால் பிழைத்தோம். அங்கேயும் "சிலோன்காரன் வந்துட்டான், நம்ம வேலை போச்சு." அந்த நாட்டில் இந்தியாக்காரி, இந்த நாட்டில் சிலோன்காரி. என் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஒரு அதிகாரி முகத்தைப் பார்க்காமலே, "உங்க தாத்தா இந்த ஜில்லாவுல பொறந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றார். கேட்டதும் என் உடம்பெல்லாம் எரிந்தது. எங்களைத் துரத்தின சட்டம் கடலைத் தாண்டி வந்து எனக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

1947-ல் ஓட்டுப் போட்ட என் அப்பா, அடுத்த ஓட்டை 1977-ல் கோத்தகிரியில் போட்டார். நடுவில் முப்பது வருஷம். இருபத்தைந்து வயது ஆண்மகன் ஐம்பத்தைந்து வயதுக் கிழவனாகியிருந்தார். அந்த முப்பது வருஷத்தை யார் அவருக்குத் திருப்பிக் கொடுப்பீர்கள்?

அங்கே நின்றவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. எங்கள் ஜனங்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், வெறுங்கையோடு. 1940-லேயே முல்லோயாத் தோட்டத்தில் நாளுக்கு 16 சதம் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தினபோது போலீஸ் சுட்டு கோவிந்தன் விழுந்தார். 1977 மே மாதம் தோட்டக் காணியைப் பிடுங்காதே என்று கேட்டுப் போன கூட்டத்தில் டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணன் சுடப்பட்டுச் செத்தார். சின்னப் பையன். அந்த ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம். 1983-ல் அதைவிடப் பெரிய நெருப்பு. அக்கா இரண்டு பிள்ளைகளையும் தேயிலைச் செடிக்கு அடியில் படுக்கவைத்து ராத்திரியைக் கழித்ததாக எழுதியிருந்தாள். கடிதம் வந்து சேர மூன்று மாதம். 1984-ல் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வரவும் முடியாமல் இருக்கவும் உரிமை இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள்.

1985-ல் திம்புவில் பேச்சுவார்த்தை. ஆயுதம் எடுத்த இயக்கங்களோடு அரசாங்கம் ஒரே மேசையில் உட்கார்ந்தது. அங்கே வைத்த நாலு கோரிக்கையில் நாலாவது, தீவைத் தாயகமாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் முழுப் பிரஜாவுரிமை. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அப்பா தரையில் உட்கார்ந்து கேட்ட அதே விஷயம்! அவருக்கு ஒரு பியூன்கூடப் பதில் சொல்லவில்லை. துப்பாக்கி வந்த பிறகு விமானம் ஏறிப் போய்க் கேட்கிறார்கள். நான் துப்பாக்கிக்காக வக்காலத்து வாங்கவில்லை. அது எங்கள் வீட்டிலும் எத்தனை பிணத்தைப் போட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிறேன். இளைஞன் ஏன் ஆயுதம் எடுத்தான் என்று புத்தகம் புத்தகமாக ஆராய்ச்சி செய்கிறீர்களே, அவனுக்கு முந்தைய தலைமுறை கைகட்டி உட்கார்ந்தபோது உங்கள் பேனா எங்கே போயிருந்தது? அகிம்சையால் எதுவும் கிடைக்காது என்று அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார்? காரில் வந்து எங்கள் ஆட்களைத் தாண்டிப் போனவர்கள்தானே?

எல்லாம் நடந்த பிறகும் மலையகம் காந்தி வழியைத்தான் பிடித்தது. 1986 தைப்பொங்கலன்று தொண்டமான் பிரார்த்தனைப் போராட்டம் என்று அறிவித்தார். காலையில் வேலைக்கு இறங்காமல் கோயில் முன்னால் கூடிச் சாமி கும்பிடுவது, மதியம் போல வேலைக்குப் போவது. அவ்வளவுதான். தோட்டம் முழுக்க நின்றுபோயிற்று. தேயிலை நின்றால் கொழும்புக்கு வலிக்கும். அரசாங்கம் இறங்கிவந்தது. நாடற்றவர்களில் 94,000 பேருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை தருகிறேன் என்றது. அக்கா அந்தக் கூட்டத்தில் நின்று கும்பிட்டவள். "வெள்ளென எழும்பி பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போறேன். நம்ம அப்பா கொழும்புல உக்காந்தாரு, நான் மாரியம்மன் கோயில்ல உக்காந்துருக்கேன்" என்று எழுதினாள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அப்பா அதை வாங்கி இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

1988-ல் ஒரு சட்டம், 2003-ல் இன்னொரு சட்டம். அதோடு இலங்கையில் இருந்த எங்கள் ஆட்களின் நாடற்ற நிலை காகிதத்தில் தீர்ந்தது. 1948-லிருந்து 2003 வரைக்கும் ஐம்பத்தைந்து வருஷம். உத்தமர்களே, ஒரு மனுஷன் தான் பிறந்த மண்ணுக்குச் சொந்தக்காரன் என்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்ததா? அப்படி ஒப்புக்கொண்ட பிறகாவது விட்டார்களா? நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வேண்டும் என்று 2018-ல் கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடினார்கள். சத்தம் போட்டுக் கேட்டுவிட்டு அமைதியாகக் கலைந்தார்கள். அந்த ஆயிரம் அரசாங்க வர்த்தமானியில் ஏறியது 2021-ல். அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. 2023-ல் இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பாட்டன்மார் நடந்த வழியில் நடந்தார்கள். ஒரு கல் எறியப்படவில்லை. காணி, வீடு, சமமான நடத்தை என்று கேட்டார்கள். என் அக்கா செத்த காம்பராவுக்கு அவள் பேரில் உறுதிப் பத்திரம் இல்லை. பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே லயத்தில் வாழ்ந்தவள், தனக்கென்று ஒரு சாண் நிலம் இல்லாமல் போனாள்.

காந்தியைத் தெரியும், மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியும், மண்டேலாவைத் தெரியும் என்று என் பேத்தி ஒப்பிக்கிறாள். தெரியட்டும், நல்லதுதான். 1952-ல் கொழும்பில் மாதக்கணக்காக உட்கார்ந்தவர்களில் ஒருத்தர் பேராவது அவள் புத்தகத்தில் உண்டா? அவர்களை விரட்டினவர்கள் பேரில் ரோடு இருக்கிறது, அணைக்கட்டு இருக்கிறது, சிலை இருக்கிறது. உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். என் அப்பாவும் கோத்தகிரியில் ஒரு பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

போனவர்களுக்கு இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. நான் கேட்பது இருக்கிறவர்களுக்காக. 1983-க்குப் பிறகு ஓடிவந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறவர்களில் எங்கள் மலையகத்து ஆட்கள் நிறையப் பேர். எங்களைப் போலவே திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து வேர் உள்ளவர்கள். இந்தியா எடுத்துக்கொள்கிறேன் என்று 1964-ல் கையெழுத்துப் போட்ட அதே ஜனம். பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, இன்றும் அகதி அட்டையோடு முகாமில் இருக்கிறார்கள். கணக்கெடுப்புக்கு வந்து நிற்கிறார்கள். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினபோது பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் எழுதினார்கள். இலங்கையை எழுதவில்லை. அதைக் கேட்டு இந்த ஜனம் பஸ்ஸை எரிக்கவில்லை. மனு எழுதினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், காத்திருக்கிறார்கள்.

உங்கள் ஜில்லாவில் அப்படி ஒரு முகாம் இருக்கும். ஒரு தடவை போய்ப் பாருங்கள். அவர்கள் தாத்தா எந்தத் தோட்டம், பாட்டி எந்த ஊர் என்று கேளுங்கள். பிறகு உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தக் குடும்பத்துக்குக் குடியுரிமை எப்போது என்று கேளுங்கள். ஓட்டு உங்களிடம் இருக்கிறது.